பழைய சட்டிக் கலப்பை வாங்குதலும் உபயோகித்தலும்

டிராக்டர் வைத்துக்கொண்டு அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு உழுது கொடுக்கும் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றின் கணக்குகளைப் பார்வையிடுவது எனது உத்தியோகம். அவ்விதம் செல்லுமிடங்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. “பழைய சட்டிக் கலப்பை ஒன்று மலிவாக வருகிறது, சங்கத்துக்கு வாங்கலாமா?” என்பதே அது. இதற்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது. நல்ல பழைய கலப்பை முப்பது, நாற்பது வருஷம் உழைத்த பின்னும் உழைக்கும். கெட்ட கலப்பையோ முதல் மழையிலேயே சங்கத்தாரைக் கைவிட்டுவிடும். இவ்விரண்டையும் பிரித்தறியும் வழியை அங்கத்தினர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இதை நான் எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் வறண்ட தாலுகா ஒன்றிலுள்ள ஒரு சங்கத்தார் இத்தகைய கலப்பை ஒன்றை வாங்கினர். தீர்மானம் ஒழுங்காக இருந்தது. ரஸீதும் சரியாக இருந்தது. நானும் அவற்றைப் படித்துப் பார்த்து ஒப்புக் கையெழுத்திட்டேன். கலப்பையை மட்டும் நான் பார்க்கவில்லை. கோடை மழை பெய்ததும் 18 அங்கத்தினர்கள் பெயர் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் மாலை பின் சட்டியின் பேரிங்கு நொறுங்கிற்று. அந்த அளவுப் பேரிங்கு சமீபத்திலுள்ள கடை எதிலும் அகப்படவில்லை. அது வெளியூரிலிருந்து வந்து சேருவதற்குள் மண் இறுகிவிட்டது. 5 பேருடைய நிலமே உழப்பட்டது. 13 பேர் ஏமாந்தார்கள். அவர்களுள் 60 சென்டு நிலமுடைய வயதான அம்மையார் ஒருவர், “ஐயா, சங்கத்துக் கலப்பை வருமென்று நம்பி வேறு ஏர் பேசாமல் இருந்துவிட்டேன். சங்கத்துப் பணம் போனது உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு மழை போனதை எந்தப் புத்தகத்தில் எழுதுவீர்கள்?” என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை. அன்று முதல் கலப்பையைக் கையால் தொட்டுப் பாராமல் எந்தத் தீர்மானத்திலும் நான் கையெழுத்திடுவதில்லை.

1. சட்டிக் கலப்பை யாது?

நாட்டுக் கலப்பையின் கொழு மண்ணைக் கீறிச் செல்லும். சட்டிக் கலப்பையில் கொழு இல்லை. குழிந்த எஃகுச் சட்டிகள் இரண்டோ மூன்றோ, சாய்வாகவும் கோணலாகவும் ஒரு கனத்த உத்தரத்தில் பொருத்தப்பட்டிருக்கும். டிராக்டர் இழுக்கும்போது அவை சுழன்றுகொண்டே மண்ணை வெட்டி, ஒரு பக்கமாகப் புரட்டிப் போடும். சட்டியின் குறுக்களவு பெரும்பாலும் 24 முதல் 28 அங்குலம் வரை இருக்கும்.

இதில் அறிய வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று. இறக்கைக் கலப்பையின் முனை தானாகவே மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு இறங்கும். சட்டி அவ்வாறு இறங்காது. கலப்பையின் பாரமே அதை மண்ணுக்குள் அழுத்துகிறது. ஆகையால்தான் இரண்டு சட்டிக் கலப்பை 200 கிலோவுக்கு மேலும், மூன்று சட்டிக் கலப்பை 300 கிலோவுக்கு மேலும் எடையுள்ளதாகச் செய்யப்படுகிறது. கனம் இதற்குக் குற்றமன்று, குணமேயாகும்.

2. எந்த நிலத்துக்கு ஏற்றது?

காய்ந்து இறுகிய நிலம், வேரும் கல்லும் கலந்த நிலம், இறக்கைக் கலப்பையில் மண் ஒட்டிக்கொள்ளும் நிலம், நெடுநாள் தரிசாகக் கிடந்த நிலம் ஆகியவற்றுக்குச் சட்டிக் கலப்பை மிகவும் ஏற்றது. வேரோ கல்லோ குறுக்கிட்டால் சட்டி அதன் மேல் உருண்டு ஏறிப் போய்விடும், கொழுவானால் முறியும். கோடை உழவில் கோரை, அருகு முதலியவற்றின் கிழங்கையும் வேரையும் புரட்டி வெயிலில் காய வைப்பதற்கும், மண்ணில் உறங்கும் புழுக்கூடுகளை மேலே கொண்டுவருவதற்கும் இது உதவும். மழை நீர் ஓடிவிடாமல் நிலத்தில் இறங்குவதற்கும் வழியாகும்.

ஆனால் இது எல்லா நிலத்துக்கும் மருந்தன்று. சேற்று வயலுக்கு இது வேண்டியதில்லை. களைகளை முழுவதும் மூடுவதில் இறக்கைக் கலப்பைக்கு இது குறைந்ததே. உழுத பின் பெருங்கட்டிகள் நிற்கும். அவற்றை உடைக்கக் கொத்துக் கலப்பையோ பரம்போ பின்னால் வர வேண்டும். மேலே அரையடி நல்ல மண்ணும் கீழே சுக்கான் கல்லோ உவர் மண்ணோ உள்ள நிலத்தில் ஆழமாகப் புரட்டினால் கெட்ட மண் மேலே வந்துவிடும். “அகல உழுவதிலும் ஆழ உழு” என்னும் பழமொழி, கீழே உழத்தக்க மண் உள்ள நிலத்துக்கே பொருந்தும். ஆகவே கலப்பை வாங்கு முன் அங்கத்தினர்களின் நிலங்களில் நாலைந்து இடங்களில் ஓரடிக் குழி வெட்டிப் பார்த்துவிடுவது நலம்.

3. பழைய கலப்பையில் இரு வகை

முதலாவது இழுவைக் கலப்பை. இதற்குச் சொந்தச் சக்கரங்கள் உண்டு. டிராக்டரின் பின்னே வண்டி போலக் கோத்து இழுக்கப்படும். கயிற்றை இழுத்தால் சக்கரத்தின் சுழற்சியைக் கொண்டே கலப்பை மேலெழும்படி செய்யப்பட்டவை இவற்றுள் பல. இரண்டாவது தொங்கு கலப்பை. இது டிராக்டரின் மூன்று முனை இணைப்பில் மாட்டப்பட்டு, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கப்படும். ஹாரி பெர்குஸன் என்பவர் வகுத்த இம்முறை, 1939-இல் வெளிவந்த போர்டு டிராக்டரின் மூலம் பெரிதும் பரவியது. நமது நாட்டில் டிராக்டர் உற்பத்தி 1959-இல் பரீதாபாத்தில் தொடங்கிற்று; அதற்கு முன் இங்கே ஓடியவை வெளிநாட்டிலிருந்து வந்தவையே.

மிகப் பழைய இழுவைக் கலப்பை பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். விலையும் அற்பமாக இருக்கும். ஆயினும் திரும்புவதற்கு அதற்கு விசாலமான இடம் வேண்டும். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் துண்டுகளாக நிலம் பிரிந்திருக்கும் கிராமங்களுக்குத் தொங்கு கலப்பையே தக்கது.

4. வாங்கு முன் பார்க்க வேண்டியவை

கலப்பையைப் பார்க்கப் போகும்போது ஓர் அளவு நாடா, சிறு சுத்தியல், நூல் கயிறு, துணி ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். டிராக்டர் ஓட்டுபவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். புதிதாக வர்ணம் பூசிய கலப்பையாயின் இருமடங்கு ஜாக்கிரதை வேண்டும்.

சட்டிகள்: ஒவ்வொன்றின் குறுக்களவையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 26 அங்குலச் சட்டி தேய்ந்து 23 அங்குலத்துக்கு வந்திருக்குமானால் புதுச் சட்டியின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு சட்டி பெரிதும் மற்றொன்று சிறிதுமாக இருந்தால் சால் ஏற்றத்தாழ்வாகும். போல்ட்டுத் துவாரங்களைச் சுற்றித் துணியால் துடைத்து விரிசல் உண்டா என்று பாருங்கள். சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் நல்ல சட்டி கணீரென்று ஒலிக்கும். விரிந்தது மந்தமாக ஒலிக்கும். விரிசலைப் பற்றவைத்த சட்டியை நம்பலாகாது. அடுத்த இடத்தில் மறுபடியும் விரியும்.

குடமும் பேரிங்கும்: பழைய கலப்பையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கலப்பையைத் தூக்கிக் கட்டையின் மேல் உறுதியாக நிறுத்தி, சட்டியின் எதிரெதிர் விளிம்புகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங்கு தேய்ந்திருக்கலாம், அல்லது தளர்ந்திருக்கலாம். பிறகு கையால் சுழற்றுங்கள். மணல் அரைபடுவது போன்ற ஓசை கேட்டால் குடத்தைக் கழற்றிக் காட்டும்படி கேளுங்கள். பேரிங்கின் மேல் பொறித்துள்ள இலக்கத்தை எழுதிக்கொண்டு, அதே இலக்கமுள்ளது சந்தை ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று விசாரித்த பின்பே விலை பேசுங்கள். மேலே சொன்ன சங்கத்தார் செய்யத் தவறியது இந்த ஒன்றேயாகும்.

உத்தரம்: கலப்பையைச் சமதரையில் இறக்கினால் எல்லாச் சட்டிகளும் ஒருங்கே தரையைத் தொட வேண்டும். உத்தரத்தின் நெடுக நூல் பிடித்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். பற்றவைத்த தழும்புகள் எத்தனை, எவ்விடத்தில் என்று பாருங்கள். சட்டியைத் தாங்கும் கால் வார்ப்பிரும்பாக இருந்து உடைந்து ஒட்டப்பட்டிருந்தால் அதை வாங்க வேண்டாம்.

சால் சக்கரம்: பின்னால் சாய்ந்து நிற்கும் சிறு சக்கரம் அலங்காரத்துக்கு வைத்ததன்று. சட்டிகள் மண்ணை ஒரு பக்கம் தள்ளும்போது கலப்பை மறுபக்கம் நழுவாமல் தடுப்பது இதுவே. இதன் அச்சு ஆடினால் சால் கோணும்.

சுரண்டிகளும் திருகாணிகளும்: சட்டியில் ஒட்டும் மண்ணை வழிக்கும் சுரண்டி ஒவ்வொரு சட்டிக்கும் இருக்க வேண்டும். சாய்வையும் அகலத்தையும் மாற்றும் திருகாணிகள் துருவேறி அசையாமல் இருந்தால், அக்கலப்பை ஒரே விதமான நிலத்தில் மட்டுமே உழும்.

இணைப்பு ஊசிகள்: சிறு டிராக்டர்களின் கீழ்க் கைகளுக்கு 22 மில்லி மீட்டர் ஊசியும், பெரிய டிராக்டர்களுக்கு 28 மில்லி மீட்டர் ஊசியும் வழக்கம். பொருந்தாவிடில் கொல்லரிடம் செலவு உண்டு. சக்தியும் பொருந்த வேண்டும். இரண்டு சட்டிக்கு 35 குதிரைச் சக்தியும், மூன்று சட்டிக்கு 45 முதல் 50 குதிரைச் சக்தியும் தேவை என்பது பொது விதி. மண் கெட்டியானால் இன்னும் வேண்டும்.

கடைசியாக, விற்பவர் நிலத்திலேயே அரை மணி நேரம் உழுது காட்டச் சொல்லுங்கள். உழுது நிறுத்தியதும் எல்லாக் குடங்களையும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அதில் பிழையுண்டு. உழுது காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். கலப்பை யாருக்காவது ஈடாக வைக்கப்பட்டுள்ளதா என்பதையும் விசாரித்து, ரஸீதில் சட்டிகளின் எண்ணிக்கை, அளவு, செய்தவர் பெயர், இலக்கம் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள்.

5. விலையைக் கணக்கிடும் முறை

கேட்கும் விலை வேறு, வயலில் இறங்கும் வரை ஆகும் விலை வேறு. முறையை விளக்குவதற்காக மட்டும் ஓர் உதாரணக் கணக்கு தருகிறேன். முதற் கலப்பைக்குக் கேட்பது ரூபாய் 15,000; சட்டி, பேரிங்கு, கொல்லர் கூலி 14,000; ஏற்றிவரும் செலவு 2,000; ஆக 31,000. இரண்டாவதற்குக் கேட்பது 24,000, பழுது 3,000, ஏற்றுகூலி 2,000, ஆக 29,000. மலிவென்று எண்ணியது 2,000 ரூபாய் அதிகமாயிற்று. அன்றியும் பழுது பார்க்கும் நாட்களில் மழை காத்திராது.

இன்னொரு வழியும் உண்டு. கலப்பையின் எடையைப் பழைய இரும்பு விலையால் பெருக்குங்கள். அதுவே எந்தக் கலப்பைக்கும் அடிமட்ட விலை. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் எதற்காகக் கொடுக்கிறோம் என்று நிர்வாக சபையார் சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும்.

6. உழும் முறை

முதலில் பதம் பார்க்க வேண்டும். அரையடி ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்துக் கீழே போட்டால் உதிர வேண்டும். களிமண் உருண்டையாக அப்படியே கிடந்தால் இன்னும் ஈரம் அதிகம். ஈரத்தில் உழுத கட்டி வெயிலில் செங்கல்லாகிவிடும்.

டிராக்டரின் வலப்பக்கச் சக்கரங்கள் முன் சாலிலே ஓட வேண்டும். அப்போது டிராக்டர் சாய்ந்திருக்குமாதலால், வலப்பக்கத் தூக்குத் தண்டைத் திருகிக் கலப்பையைச் சமமாக்க வேண்டும். முன் சட்டி மட்டும் ஆழமாக இறங்கினால் மேல் இணைப்பை நீட்டுங்கள். பின் சட்டி ஆழமாக இறங்கினால் குறுக்குங்கள். கெட்டி நிலத்தில் சட்டி இறங்காவிடில் அதைச் சிறிது நிமிர்த்தி, வெட்டும் அகலத்தையும் குறைக்க வேண்டும். போதாவிடில் உத்தரத்தின் மேல் இரும்புப் பாரத்தை இறுகக் கட்டலாம். ஆளை ஏற்றி உட்கார வைப்பது ஒருகாலும் கூடாது.

வேகம் மணிக்கு 4 முதல் 6 கிலோமீட்டர் போதும். சரிவான நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். நெடுக உழுதால் சாலே வாய்க்காலாகி மண்ணை அடித்துச் செல்லும். இக்கலப்பை ஒரே பக்கம் புரட்டுவதால் வயலில் ஓரிடத்தில் மேடும் ஓரிடத்தில் பள்ளமும் விழும். அடுத்த வருஷம் தொடங்குமிடத்தை மாற்றினால் நிலம் சமமாகும். வருஷந்தோறும் ஒரே ஆழத்தில் உழுதால் சாலின் அடியில் கெட்டிப் படிவம் உண்டாகுமாதலால், ஆழத்தையும் சிறிது மாற்றிக்கொள்ள வேண்டும்.

7. அபாயமும் பராமரிப்பும்

திரும்பும்போது கலப்பையைத் தூக்கிக்கொண்டே திரும்ப வேண்டும். சட்டி மண்ணில் இருக்கத் திருப்பினால் உத்தரம் வளையும். பாரமான கலப்பையைத் தூக்கும்போது டிராக்டரின் முன்பக்கம் இலகுவானால் முன்னே எடை வைக்க வேண்டும். இழுவைக் கலப்பையைக் கீழ் இழுவைக் கட்டையிலேயே கோக்க வேண்டும். பின் அச்சுக்கு மேலே சங்கிலி மாட்டினால் டிராக்டர் பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுபவரை நசுக்கிவிடும். தூக்கி நிறுத்திய கலப்பையின் கீழ், கட்டை வைக்காமல் கை நுழைக்கலாகாது. குழந்தைகளை டிராக்டரிலோ கலப்பையிலோ ஏற்றலாகாது. நிறுத்தும்போது கலப்பையைத் தரையில் இறக்கிவிட வேண்டும்.

நாள்தோறும் வேலை தொடங்குமுன் ஒவ்வொரு குடத்திலும் கிரீஸ் ஏற்ற வேண்டும். முதல் ஒரு மணி நேரம் உழுததும் எல்லா நட்டுகளையும் மறுபடி முடுக்க வேண்டும். பருவம் முடிந்ததும் மண்ணைக் கழுவி, சட்டிகளின் மேல் பழைய எஞ்சின் எண்ணெயைத் தடவி, கூரையின் கீழ்ப் பலகையின் மேல் நிறுத்த வேண்டும். மாற்றுப் பேரிங்கு ஒரு ஜோடியும் சட்டிப் போல்ட்டுகள் சிலவும் சங்கத்து அலமாரியில் எப்பொழுதும் இருக்கட்டும். அவற்றின் விலை, மழைக்காலத்தில் இழக்கும் ஒரு நாளுக்கு ஈடாகாது.

8. முறை வரிசை

கலப்பை எத்தனை நல்லதாயினும் காலம் அளவுள்ளது. இரண்டு சட்டிகளும் சேர்ந்து 60 சென்டி மீட்டர் அகலம் வெட்டுவதாகவும், வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மணிக்கு 3,000 சதுர மீட்டர் ஆகிறது. திரும்புவதில் கால் பங்கு கழித்தால் 2,250 சதுர மீட்டர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டராதலால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1 மணி 48 நிமிஷம் ஆகும். வயலுக்கு வயல் போகும் நேரத்தையும் சேர்த்தால் 8 மணி வேலையில் 4 ஏக்கரே முடியும். மழைக்குப் பின் பதம் 6 நாள் நிற்குமாயின் மொத்தம் 24 ஏக்கர். பெயர் கொடுத்தவர்களுடைய நிலம் 60 ஏக்கரானால் 36 ஏக்கர் நின்றுபோகும் என்பது மழைக்கு முன்னரே தெரிந்த சங்கதியாகும்.

ஆகையால் வரிசையை மழைக்கு முன்பே மஹாசபையில் தீர்மானித்து, சங்கத்து வாசலில் எழுதி ஒட்டிவிட வேண்டும். ஒரே திசையிலுள்ள நிலங்களை ஒருநாள் வேலையாகச் சேர்த்தால் அலைச்சல் குறையும். சென்ற மழையில் முறை கிடைக்காதவர்களுக்கு இம்முறை முதலிடம் தருவது நியாயம். பெரிய நிலத்தாருக்கு முழுவதையும் ஒரே தடவையில் முடித்துவிட்டு, அரை ஏக்கர்க்காரரைப் பின்னுக்குத் தள்ளுவது கூட்டுறவாகாது. ஒருவருக்கு முதல் சுற்றில் இத்தனை மணி என்று எல்லை வைக்கலாம். முறை கிடைக்காதென்று தெரிந்தவர்களுக்கு அன்றே சொல்லிவிட வேண்டும்; அவர்கள் வேறு ஏர் பேசிக்கொள்வார்கள். வாடகையிலிருந்து மணிக்கு இவ்வளவென்று பழுது நிதிக்குத் தனியே ஒதுக்கி, உழுத மணி, கிரீஸ், பழுது யாவற்றையும் ஒரு புத்தகத்தில் நாள்தோறும் எழுதி வரவேண்டும்.

மேலே சொன்ன அம்மையாருடைய சங்கத்தார் இப்போது அவ்வாறே செய்கிறார்கள். அதே கலப்பைதான், பேரிங்கும் குடமும் மட்டும் மாற்றப்பட்டன. சென்ற தடவை நான் அவ்வூருக்குச் சென்றபோது புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். முறை கிடைக்காதவர்களின் பெயர்களுக்கென்று அதில் தனிப் பக்கம் ஒன்று இருந்தது. அடுத்த மழையின் வரிசை அப்பக்கத்திலிருந்தே தொடங்குகிறது.

மாதக் கூட்டத்தில் கேட்டு விடை காண வேண்டிய வினாக்கள்

(1) நமது அங்கத்தினர் நிலங்களில் ஓரடிக்குக் கீழே இருப்பது என்ன மண்?

(2) நமது டிராக்டரின் சக்திக்கும் இணைப்பு ஊசிக்கும் ஏற்ற கலப்பை எது?

(3) பார்த்த கலப்பையின் பேரிங்கு இலக்கம் என்ன? அது எந்தக் கடையில் கிடைக்கும்?

(4) பழுதும் ஏற்றுகூலியும் சேர்த்து அடக்க விலை எவ்வளவு?

(5) பதம் நிற்கும் நாட்களில் எத்தனை ஏக்கர் உழ முடியும்? எஞ்சியவர்களுக்கு யார், எப்பொழுது சொல்வது?

இவ்வைந்துக்கும் விடை எழுதப்பட்ட பின்பே தீர்மானத்தை எழுதுங்கள்.